ஆர்.சி.யில் பஸ், உள்ளே வீடு: பழைய கேரவனை நம்பி ஊர் சுற்றக் கிளம்பலாமா?

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 57 வயது. ஒரு தனியார் மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அடுத்த கோடையில் ஓய்வு. மனைவிக்கு 54, அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், பென்ஷன் வருகிறது. ஒரே மகள் கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறார். இனி மூன்று நான்கு வருஷம் வண்டியிலேயே குடியிருந்து, கன்னியாகுமரியிலிருந்து லடாக் வரை அவசரமில்லாமல் சுற்றுவது இவருடைய திட்டம். புது கேரவனுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் பெங்களூருவில் ஒரு பழைய வண்டி பார்த்திருக்கிறார். 2013 நவம்பரில் பதிவான டீசல் டெம்போ டிராவலர், ஒயிட் போர்டு. முதல் உரிமையாளர் குடும்பத்தோடு ஊர் போய்வர வாங்கியது. 2019 இறுதியில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு பட்டறையில் கட்டில், சமையல் மேடை, கழிப்பறையுடன் ஷவர், 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மேலே சோலார் பேனல், ஏ.சி. எல்லாம் பொருத்தியிருக்கிறார். விலை ஒன்பதரை லட்சம்.

நடுவில் இருக்கும் புரோக்கர் சொல்வது இவை: உள்ளே மட்டும் மாற்றியிருப்பதால் ஆர்.டி.ஓ.வில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கித் தருகிறேன், பெயர் மாற்றத்தை மெதுவாகச் செய்துகொள்ளலாம். எப்போதும் பயணத்தில் இருக்கப்போகிறவருக்கு எந்த மாநில நம்பராக இருந்தால் என்ன. இன்சூரன்ஸ் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பணத்துக்கு, குடியிருக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று வாசகர் நினைக்கிறார். 'வண்டிதான் இனி எங்கள் வீடு. வீட்டை விற்று வீடு வாங்குவதால் வரி வராது என்றும் சொல்கிறார்கள்' என்று எழுதுகிறார். வீடு மனைவியின் பெயரில், அவருடைய அப்பா எழுதிக்கொடுத்தது. கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் இரண்டு வரி: 'கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று கேட்டால் இவர் பேச்சை மாற்றுகிறார். அதையும் கேட்டுச் சொல்லுங்கள்.'

சரி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் நிலையில் இந்த வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். என்ஜின், டயர், மைலேஜ், மெத்தை, சோலார் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைப் பற்றி ஒரே ஒரு வரி: 'ஆர்.சி. கிளியர்.' நீங்கள் இணைத்திருந்த நகலைப் பார்த்தேன். வாகன வகை, ஆம்னி பஸ், சொந்த உபயோகம். இருக்கை, டிரைவரோடு சேர்த்து 13. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதோ நான்கு சீட்டும் ஒரு கட்டிலும் ஒரு அடுப்படியும். அரசாங்கப் பதிவில் இருக்கும் வண்டி வேறு, பெங்களூருவில் நிற்கும் வண்டி வேறு. உங்களுடைய மற்ற எல்லாக் கேள்விகளும் இங்கேயிருந்துதான் கிளம்புகின்றன.

'உள்ளே மட்டும்தானே மாற்றியிருக்கிறார்கள்?'

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு உள்ளே, வெளியே என்று பிரித்துப் பேசவில்லை. ஆர்.சி.யில் பதிவான விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இருக்கை எண்ணிக்கை அந்த விவரங்களில் ஒன்று. வெற்று எடையும் அப்படித்தான். பாடி வகையும் அப்படித்தான். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது. உங்கள் விற்பனையாளர் வண்டியைப் பட்டறைக்கு விட்டது அதற்குப் பிறகு. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின் 182-ஏ பிரிவில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

மாற்றியவர் அவர்தானே, எனக்கென்ன என்று கேட்பீர்கள். தண்டனைப் பிரிவைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் சாலையில் நிறுத்தும்போது ஸ்டியரிங்கில் இருக்கப்போவது நீங்கள். சட்டத்துக்கும் விதிகளுக்கும் பொருந்தாத வண்டியின் பதிவையே நிறுத்திவைக்க 53-வது பிரிவு அதிகாரம் தருகிறது. காரின் பதிவு நின்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே வண்டிதான் வீடு. ஜபல்பூருக்குப் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறீர்கள், உடுத்தும் துணியிலிருந்து மருந்து டப்பா வரை அதற்குள் இருக்கிறது. முழுநேரப் பயணிக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேரவனே சட்டவிரோதம் என்று பயந்துவிடாதீர்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று மத்திய அரசின் வாகனப் பட்டியலில் தனி வகையே இருக்கிறது. டாக்ஸி போல் மஞ்சள் போர்டும் பர்மிட்டும் தேவையில்லாத வகை அது. கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்-124 என்ற தரநிலையும் உண்டு. அதன்படி கட்டி, சோதனை அமைப்பிடம் சான்று பெற்று, ஆர்.சி.யில் வகையைச் சரியாக எழுதி வாங்கிய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நீங்கள் பார்த்த வண்டி அந்த வழியில் வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்சூரன்ஸும் மாட்டிக்கொள்கிறது. 13 சீட் பஸ் என்று நினைத்துப் பிரீமியம் வாங்கிய நிறுவனத்துக்கு உள்ளே கேஸ் அடுப்பும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருப்பது தெரியாது. வண்டி தீப்பிடித்தால் சர்வேயர் முதலில் எழுதுவது அதைத்தான். அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். உங்கள் ஒன்பதரை லட்சம் போனது போனதுதான். பாலிசியில் மாற்றங்களைத் தெரிவித்து, பொருத்திய சாதனங்களின் மதிப்போடு எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேரும் திருத்தக் குறிப்பு) வாங்கலாமே என்றால், ஆர்.சி.யில் இல்லாத மாற்றத்துக்கு அதைத் தர நிறுவனங்கள் தயங்கும்.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள்

புரோக்கர் ஏன் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார் என்று யோசித்தீர்களா? உங்கள் மேல் கரிசனம் என்று நினைக்க வேண்டாம். 50-வது பிரிவின்படி, வண்டி வாங்கியவர் தான் வசிக்கும் எல்லையிலுள்ள ஆர்.டி.ஓ.விடம் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஆதார் முகவரி கோவை மாவட்டம். ஆகவே கர்நாடகத்திலிருந்து 28-ம் படிவத்தில் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, இங்கே டி.என். நம்பர் போட வேண்டும். அதற்கு வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நேரில் காட்டியாக வேண்டும். அவர் கதவைத் திறந்ததும் 12 சீட்டுக்குப் பதில் சமையல் மேடையைப் பார்ப்பார். அந்தக் கதவு திறக்கும் நாளில் தான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதுதான் புரோக்கரின் கவலை.

கே.ஏ. நம்பரிலேயே ஓட்டுவது பற்றி. ஒரு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால்தான் நம்பர் மாற்ற வேண்டும் என்பது உண்மை. நண்பர்கள் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான். அது பெயர் மாறாமல், சொந்தக்காரரே வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது பொருந்தும் விதி. கைமாறிய வண்டிக்கு இந்த 12 மாதக் கணக்கு உதவாது. பெங்களூருவில் இருக்கும் மச்சினர் முகவரியைக் கொடுத்துப் பதியலாமா என்று ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். பொய் உறுதிமொழி கொடுக்கச் சொல்லி எந்த வக்கீலும் எழுத்தில் ஆலோசனை தரமாட்டார். பி.எச். சீரிஸ் நம்பர், பல மாநிலங்களுக்கு மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு. ஓய்வுபெற்றுக் கிளம்பும் உங்களுக்கு அது பொருந்தாது.

பெயர் மாறாத வண்டியில் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்? விற்றவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரிடமும் கையெழுத்துக்கு அலைய வேண்டும். அவருக்குக் கடன் இருந்து கோர்ட் ஜப்தி வந்தால், அவர் பெயரில் இருக்கும் சொத்துகளில் இந்த வண்டியும் ஒன்று. உங்களோடு மனஸ்தாபம் வந்து 'என் வண்டியைக் காணோம்' என்று புகார் கொடுத்தால் நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இன்சூரன்ஸ் ஏழு மாதம் இருப்பதாகச் சொன்னதும் பாதி உண்மை. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே தானாக உங்களோடு வரும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி வராது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். இழப்பீடு கேட்காத வருஷங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், விற்றவருடையது, அவரோடு போய்விடும்.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு என்பதைப் பேரம் பேசும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு, விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விவரம் தெரிந்த விற்பனையாளர், பெயரை மாற்று மாற்று என்று தானே உங்களைத் துரத்துவார்.

புரோக்கரைப் பற்றி இன்னொன்று. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. வண்டி அவர் கைக்கு வந்ததை ஆன்லைனில் தெரிவித்திருந்தால், அதற்குப் பின் வண்டிக்கு அவரே பொறுப்பு. இவரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். இருந்தால், பின்னால் ஏமாற்றம் வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தனிமனிதர் தன் ஒரே வண்டியை விற்றார் என்றால் அந்தக் கதவு இல்லை, சிவில் வழக்குதான். அது எத்தனை வருஷம் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

13 வயது வண்டியில் லடாக்

இந்த வண்டியின் பதிவு 2028 நவம்பரில் முடிகிறது. மூன்று நான்கு வருஷப் பயணம் என்கிறீர்கள். நடுவழியில் அந்தத் தேதி வரும். அப்போது எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். இலகுரக வாகனத்துக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது; 20 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் 10,000 ஆனது. பசுமை வரி தனி. கட்டணத்தைவிட முக்கியம், வண்டி அங்கேயும் ஆய்வாளர் முன் நிற்க வேண்டும் என்பது.

டெல்லியைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியில் 10 வயதுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குத் தடை என்பதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்று தளர்த்தியது. பிறகு அந்தச் சலுகை பி.எஸ்-4 என்ற புகைத் தரத்துக்கும் அதற்கு மேலும்தான் என்று குறுக்கியது. ஆகவே உங்கள் வண்டி பி.எஸ்-3-ஆ, 4-ஆ என்று ஆர்.சி.யில் பாருங்கள். தலைநகர்ப் பகுதி என்றால் டெல்லி நகரம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குருகிராம், சோனிபத், பானிபட், கர்னால், ராஜஸ்தானின் அல்வர், பரத்பூர் எல்லாம் அதில் அடக்கம். சண்டிகர் நெடுஞ்சாலையில் போகிறவர் அறியாமலே உள்ளே போய்விடுவார். பிகானேர், ஸ்ரீகங்காநகர் வழியாகப் பஞ்சாபுக்குள் நுழைந்தால் அந்தப் பகுதியைத் தொடாமலே மேலே போகலாம். கொஞ்சம் சுற்றுதான், உங்களுக்குத்தான் அவசரமில்லையே.

இந்த வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமோ என்று நீங்கள் வீணாகப் பயந்திருக்கிறீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம், வாடகை வண்டி ஓட்டுநருக்கான பேட்ஜ் வேண்டாம். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் தருவார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது, ஆனால் வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்றைச் சொல்கிறேன்: எடை. 12 பேர் ஏறும் பஸ்ஸை, 12 பேர் எடைக்குச் சமமாகத்தானே மாற்றியிருக்கிறோம் என்பார்கள். மொத்தம் சரியாகவே இருக்கலாம். ஆனால் 200 லிட்டர் தொட்டி நிறைந்தால் 200 கிலோ, 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்றே 50 கிலோவுக்கு மேல். கழிப்பறை, தொட்டி, பேட்டரி மூன்றும் பின்னால் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் மலைப்பாதை வளைவில் வண்டி வேறு மாதிரி பேசும். தொட்டியை நிரப்பி, எடை மேடைக்குக் கொண்டுபோய், முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக எடை போட்டு, சீட்டை ஆர்.சி.யிலுள்ள எண்களோடு வைத்துப் பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் காரணம் இருக்கும். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் துரு இருக்கிறதா என்று படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பழைய சலான், வங்கிக் கடன், இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். அது பத்து நிமிஷ வேலை.

வீட்டை விற்பது

இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. 'விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்' என்று எழுதுகிறீர்கள். வீடு உங்கள் மனைவிக்கு அவர் அப்பா எழுதிக்கொடுத்தது. சட்டப்படி முழுக்க அவருடைய சொத்து. விற்பதா வேண்டாமா என்பதை அவர் தனியாக, யாரும் நெருக்காமல் யோசித்துச் சொல்ல வேண்டும். கடிதம் முழுக்க உங்கள் குரல் கேட்கிறது. அவர் குரல் கேட்பது கடைசி இரண்டு வரியில், அதுவும் நீங்கள் பதில் சொல்லாத ஒரு கேள்வியாக.

வரி வராது என்பது தவறு. வீட்டை விற்ற லாபத்தை இன்னொரு குடியிருப்பு வீட்டில் போட்டால்தான் அந்த விலக்கு. சக்கரம் வைத்த வீடு வருமான வரித்துறைக்கு வாகனம்தான். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த வீடு என்பதால், பணவீக்கத்தைக் கழிக்காமல் 12.5 சதவீதம், அல்லது கழித்து 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. அப்பா எழுதிக்கொடுத்த சொத்து ஆதலால் அவர் வாங்கிய பழைய விலையிலிருந்து கணக்குப் போடுவார்கள்; லாபம் பெரிதாகத் தெரியும். அந்தத் தொகையை ஆடிட்டரிடம் கணக்குப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வரியை விட்டாலும், விற்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆர்.சி., லைசென்ஸ், வங்கி, ரேஷன், வாக்காளர் பட்டியல் எல்லாம் ஒரு முகவரியில் தொங்குகின்றன. பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றை மட்டும் கைபேசியிலேயே முகம் காட்டி முடித்துவிடலாம், மற்றதெல்லாம் அப்படி முடியாது. முகவரி இல்லாமல் வண்டிக்கு நம்பர் வாங்க முடியாது. முதுகுவலி வந்தால், மகளுக்குப் பிரசவம் என்றால், திரும்பி வர ஓர் இடம் வேண்டும். ஒரு அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு மற்றதை வாடகைக்கு விடுங்கள். அப்போதும் ஒரு தப்பான நம்பிக்கை குறுக்கே வரும்: 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்பது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, 11 மாதமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். நீங்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்போது வாடகைக்காரர் காலி செய்ய மறுத்தால் இந்தப் பதிவு இல்லாமல் ஒன்றும் நகராது. வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவருக்கு, வாடகை வசூல், பராமரிப்பு, வழக்கு என்று வரையறுத்த பவர் எழுதிக்கொடுங்கள். விற்கும் அதிகாரம் அதில் வேண்டாம்.

அம்மா கேட்ட கேள்வி

அம்மா, கடிதத்திலேயே உருப்படியான கேள்வி உங்களுடையது. நம் நெடுஞ்சாலைகளில் கேரவன் தொட்டியைக் காலி செய்ய முறையான வசதி அநேகமாக இல்லை. இந்த வண்டியில் இருப்பது தரைக்கு அடியில் பொருத்திய நிலையான தொட்டி. அதைச் சாக்கடையில், ஓடையில் திறந்துவிடுவது தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடை செய்யும் காரியம். அதைவிட மோசமானது, எங்காவது ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு இருநூறு ரூபாய் கொடுத்து வாளியால் அள்ளச் சொல்வது; மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றச் செய்வதைத் தடுக்கும் 2013 சட்டத்துக்குள் போய் விழும். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம். இருபது லிட்டர் கொள்ளும் கேசட் கழிப்பறை கிடைக்கிறது. பெட்டி போல் கழற்றி எடுத்துப் போய், தங்கும் விடுதியிலோ பெட்ரோல் பங்க்கிலோ அனுமதி கேட்டு, கழிப்பறையில் நாமே ஊற்றிக் கழுவிக்கொள்ளலாம். அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை யார் செய்வது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர்தான் என்பது என் சிபாரிசு.

அப்படியானால் எப்படிப் போவது

முதலில், வாங்காமல் போய்ப் பாருங்கள். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையே கொண்டுவந்தது. வாகமண்ணில் 2022-ல் கேரவன் பார்க் திறந்தார்கள். அங்கே வாடகைக்கு எடுத்து ஒரு வாரம், அதுவும் மழைக்காலத்தில் இருந்து பாருங்கள். ஈரத்துணி காயாத வண்டிக்குள் இரண்டு பேர் நாலு நாள் இருந்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். சினிமா நடிகர் கேரவனைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அதில் யாரும் இரவில் தூங்குவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வண்டிதான் மனசுக்குப் பிடித்திருக்கிறது என்றால், ஆர்.சி.யைச் சரி செய்யும் வேலையை விற்பவரின் தலையில் வையுங்கள். அவர் பெயரில் இருக்கும்போதே, கர்நாடகத்தில், சோதனை அமைப்பின் சான்றோடு வண்டி வகையை கேம்பர் வேன் என்று மாற்றி, இருக்கை எண்ணிக்கையையும் எடையையும் திருத்தி வாங்கட்டும். செய்து முடித்த வேலைக்குப் பின்னால் அனுமதி கேட்பதால் மறுக்கவும் செய்யலாம். அந்த ஆபத்து அவருடையதாக இருக்கட்டும். முன்பணமாக ஒரு சிறு தொகை மட்டும் வங்கி வழியாகக் கொடுத்து, 'இத்தனை தேதிக்குள் திருத்திய ஆர்.சி.யும் என்.ஓ.சி.யும் வராவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்று முத்திரைத்தாளில் எழுதி, விற்பவரிடமே கையெழுத்து வாங்குங்கள். புரோக்கரின் கையெழுத்து இதில் செல்லாக்காசு. தமிழ்நாட்டு வரி எவ்வளவு என்று உங்கள் ஆர்.டி.ஓ.வில் முன்னமே கேட்டு, விலையில் பேசிக் குறையுங்கள்.

அவர் மறுத்தால், மாற்றம் எதுவும் செய்யாத, பத்து வயதுக்குள் உள்ள வண்டி ஒன்றை தமிழ்நாட்டிலேயே தேடுங்கள். வாங்கிப் பெயர் மாற்றிய பின், பட்டறைக்குப் போவதற்கு முன்னால், வரைபடத்தோடு ஆர்.டி.ஓ.விடம் அனுமதி கேளுங்கள். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. கேரவன் கட்டும் நிறுவனத்திடம் எந்த மையத்தின் சான்று தருவார்கள் என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். செலவு இரண்டு மூன்று லட்சம் கூடலாம், நாலைந்து மாதம் தள்ளிப்போகலாம். ஓய்வுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே.

நீங்கள் அனுப்பிய ஆர்.சி. நகலில் முன்பக்கம் மட்டுமே இருக்கிறது. வங்கிக் கடன் விவரம் பின்பக்கத்தில்தான் இருக்கும். விற்பவரிடம் அந்தப் பக்கத்தையும், 2019-ல் வேலை செய்த பட்டறையின் பில்லையும் கேட்டு வாங்கி அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு ஒப்பந்த வாசகத்தை எழுதித் தருகிறேன்.